பழைய ஜென்னில் நீலப் புகை: ஆயில் மாற்றும் முன் ஃபிளஷ் ஊற்றலாமா?

ஈரோட்டு ஜென்

வணக்கம். அப்பா வாங்கிய 1997 மாருதி ஜென், கார்புரேட்டர் வண்டி. 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில ஆண்டுகளாகச் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டுமே போய்வருகிறது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே அபூர்வம். ஆயில் மூடியைத் திறந்தால் அதன் உள்பக்கம் பாலாடை போல வெளிர் மஞ்சள் படிவு. உள்ளே எட்டிப் பார்த்தால் ராக்கர் (வால்வைத் திறக்கும் நெம்புகோல்) மேல் கறுப்புக் களிம்பு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து ஒரு நிமிடத்தில் அடங்குகிறது. மேட்டில் ஏறும்போதும் கொஞ்சம் தெரிகிறது. ஆயிலும் குறைகிறது.

எங்கள் மெக்கானிக், அரை லிட்டர் டீசல் கலந்து ஓடவிட்டு வடித்தால் போதும் என்கிறார். உதிரிபாகக் கடையில் 300 மில்லி ஃபிளஷ் (இன்ஜினின் உள்பக்கத்தைக் கழுவும் திரவம்) புட்டியைக் கையில் திணிக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், மார்வெல் மிஸ்டரி ஆயில் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். எது நல்லது? எத்தனை நிமிடம் ஓடவிட வேண்டும்?

இன்னொன்று: சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போது ஆயில் அழுத்த விளக்கு லேசாக மினுக்குகிறது. அது சுவிட்ச் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள்.

பட்டறைக்காரன்

தம்பி, டீசல் என்றதும் ஆளாளுக்குச் சண்டைக்கு வருவார்கள். அம்பாசிடர், பத்மினி காலத்தில் எல்லாப் பட்டறையிலும் இதைத்தான் செய்தோம், வண்டிகளும் ஓடின. அன்றைய ஆயிலில் அழுக்கைப் பிடித்துவைக்கும் மருந்து குறைவு. ஆனால் வண்டி சீக்கிரமே மறுபடி ஆயில் மாற்ற வந்துவிடும், களிம்பு கட்டியாக நேரம் இருக்காது. ஐடிலில் ஐந்து நிமிடம், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், சூட்டோடு வடித்து, பில்டரையும் மாற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் முறை.

உங்கள் வண்டிக்குச் செய்வேனா என்றால், ராக்கர்களை மூடியிருக்கும் டேப்பட் கவரைக் கழற்றிப் பார்க்காமல் செய்ய மாட்டேன்.

மசகுப் பொறியாளர்

கேள்வியின் கடைசி வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்கும் வண்டியில் எந்தக் கரைப்பானையும் ஊற்றாதீர்கள். டீசலும் வேண்டாம், புட்டியும் வேண்டாம்.

காரணம் எளிது. ஃபிளஷ் புட்டிகளில் பெரும்பாலும் இருப்பது மண்ணெண்ணெய் வகைப் பெட்ரோலியக் கரைப்பான், கூடவே கொஞ்சம் டிடர்ஜென்ட். உங்கள் மைத்துனர் சொல்வதும் தூரத்து உறவுதான்: கனிம எண்ணெயும் மினரல் ஸ்பிரிட்டும். 1923இல் பர்ட் பியர்ஸ் என்பவர் கார்புரேட்டர் ஜெட் அடைப்பைப் போக்கத்தான் அதை உருவாக்கினார்; சம்ப்பில், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், பல ஆண்டுகளாக இறுகிய கசடுக்காக அல்ல. இவற்றில் எதைக் கலந்தாலும் ஆயில் நீர்த்துப் போகும். கிராங்க் பேரிங்கில் உலோகத்தை உலோகம் தொடாமல் பிரித்துவைத்திருப்பது ஆயில் படலம் ஒன்றுதான். ஏற்கெனவே அழுத்தம் குறைந்த இன்ஜினில் அந்தப் படலத்தை மேலும் மெலிய வைப்பது எதற்கு?

அடுத்த ஆபத்து சல்லடை. சம்ப்பின் அடியில், பம்ப் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பிச் சல்லடை இருக்கிறது. பில்டர் இருப்பதோ பம்ப்புக்கு அப்பால். கரைப்பான் களிம்பு முழுவதையும் கரைத்துவிடுவதில்லை. பாதியைக் கரைத்து, மீதியைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். அந்தச் செதில்கள் முதலில் போய் ஒட்டுமிடம் அந்தச் சல்லடை. அதைத் தாண்டினால்தானே பில்டர் பிடிப்பதற்கு!

மாற்ற வேண்டியது எது என்று தெரியாமல் மருந்து வாங்காதீர்கள். விளக்குச் சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினில் அழுத்தம் பாருங்கள். சுவிட்ச் கோளாறா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். அடுத்து கம்ப்ரஷன் சோதனை, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று அளப்பது: முதலில் உலர்வாக, பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு. ஆயில் விட்டதும் அளவு ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் பிரச்சினை. காலைப் புகை மட்டும் என்றால் வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நீங்கள் மேட்டிலும் புகை என்கிறீர்களே, அதனால்தான் கேட்கிறேன்.

கோவை டிரைவர்

பெட்ரோல் டேங்க்கில் ஊற்றும் கிளீனர் உதவாதா? பாலிஈதர் அமீன் உள்ளது நல்லது என்கிறார்களே?

மசகுப் பொறியாளர்

அது வேறு வேலை. பெட்ரோலோடு போய் இன்டேக் வால்வின் பின்புறத்தையும் எரியறையையும் சுத்தம் செய்யும். சம்ப்பில் இருக்கும் களிம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஊற்றுவதானால் ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்க்கில் ஊற்றுங்கள். கொஞ்சம் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும்.

ஈரோட்டு ஜென்

ஐயா, அளந்துவிட்டேன். கேஜில் ஐடில் அழுத்தம் உண்மையிலேயே குறைவு. முள் அடியோடு ஒட்டித் துடிக்கிறது. சுவிட்ச் மேல் தவறில்லை.

கம்ப்ரஷன் பிஎஸ்ஐ அளவில்: 172, 168, 128, 170. மூன்றாவதில் ஆயில் விட்டதும் 160 வந்தது. மற்றவற்றில் பெரிய மாற்றமில்லை.

பட்டறைக்காரன்

மூன்றில் ரிங் ஒட்டியிருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது. அதைக் கவனிப்பதற்கு முன்னால் சம்ப்பை இறக்குங்கள் தம்பி. புகைக்குழாயின் முன்பகுதி வழிமறித்தால் அதையும் கழற்றுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்துவையுங்கள்.

இன்ஜினுக்குள் தேங்கும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பாருங்கள். குலுக்கினால் கடகட என்று ஆட வேண்டும். அது அடைத்திருந்தால் ரிங் வழியாக இறங்கும் நீராவியும் பெட்ரோல் ஆவியும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். மூடியில் நீங்கள் பார்த்த படிவும் அப்படி வந்ததுதான்.

ஈரோட்டு ஜென்

சம்ப் இறக்கியாயிற்று. சல்லடையில் பாதிக்கு மேல் மூடியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தோம். கறுப்புத் துகள்கள் கொஞ்சம்தான். பெரும்பகுதி சாம்பல் நிற ரப்பர் நூல்கள், சேமியா அளவுக்கு. முன்பு எப்போதோ சம்ப்பைத் திறந்தவர்கள் சிலிக்கான் பசையை அள்ளி அப்பியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கியதெல்லாம் அறுந்து சல்லடைக்குப் போயிருக்கிறது. பிசிவி வால்வு குலுக்கினால் சத்தமே இல்லை, புதிது போட்டோம்.

மசகுப் பொறியாளர்

இதைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். இறுகிய சிலிக்கான் எந்த ஃபிளஷிலும் கரையாது. டீசலிலும் மண்ணெண்ணெயிலும் ஊறி உப்பும். அரை லிட்டர் டீசல் ஊற்றி ஓடவிட்டிருந்தால், மிச்சமிருந்த துளைகளும் மூடியிருக்கலாம்.

மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் கரைப்பானை முயன்று பார்க்கலாம். அது ஊற வேண்டிய இடம் அங்கேதான். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் கிளீனர் சிறிதளவு விட்டு இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் இக்னிஷன் காயில் இணைப்பைப் பிரித்து, பெட்ரோல் பக்கத்தையும் அடைத்து, நான்கு பிளக்குகளும் வெளியே இருக்கும் நிலையில் ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பிளக் துளைக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. திரவம் உள்ளே நிற்கும்போது பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். திரவத்தைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. ரிங் வழியாகச் சம்ப்பில் இறங்கிய கிளீனரை ஆயிலோடு வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றிய பிறகுதான் இன்ஜினை ஓடவிட வேண்டும். ரிங் ஒட்டியிருந்தால் விடுபட வாய்ப்புண்டு. தேய்ந்திருந்தால் எந்தப் புட்டியும் உலோகத்தைத் திருப்பித் தராது.

ராக்கர் மேல் இருக்கும் களிம்பை மரக்குச்சியால் சுரண்டித் துணியில் எடுங்கள், துகள் கீழே விழாமல். மீதியை நல்ல டிடர்ஜென்ட் ஆயில் மெதுவாகப் பார்த்துக்கொள்ளும். முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டரில் வடித்துவிடுங்கள். விலை உயர்ந்தது வேண்டாம், கையேட்டில் சொன்ன தரம் போதும்.

ஈரோட்டு ஜென்

சல்லடை சுத்தம் செய்து மாட்டிய பிறகு, சூட்டிலும் விளக்கு மினுக்கவில்லை. கேஜ் முள்ளும் எழுந்து நிற்கிறது. ஊறவைத்து, வடித்து, சில நாள் ஓட்டிப் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் 150 காட்டுகிறது. மேட்டில் புகை குறைந்திருக்கிறது. காலைப் புகை அப்படியே இருக்கிறது.

பட்டறைக்காரன்

காலைப் புகை வால்வு சீல் வேலை. சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடித்தால் ஹெட்டை இறக்காமலே மாற்றலாம். அதற்கான கருவி உள்ள பட்டறையாகப் பார்த்துப் போங்கள். அவசரமில்லை. அதுவரை வாரம் ஒருமுறை ஆயில் கேஜ் கம்பியைப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது பவானி வரை ஓட்டி, இன்ஜினை நன்றாகச் சூடேற்றிக் கொண்டுவாருங்கள்.