பாபிலோன் பிடித்த நகரங்கள் அப்புறம் என்ன ஆயின?

களிமண்பலகை:
பாபிலோன் (இன்றைய இராக்கில் இருந்த பழைய நகரம்) ராஜா ஹம்முராபி கி.மு. 1763 வாக்கில் தெற்கே லார்சா நகரத்தைப் பிடித்தார், இரண்டு வருடத்தில் மாரி நகரமும் விழுந்தது. இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதற்கப்புறம் என்ன என்பதுதான் என் கேள்வி. லார்சாவில் குடியிருந்த சாதாரண ஆள் பாபிலோன்காரர் ஆகிவிட்டாரா? அவருடைய நிலம், தண்ணீர், வழக்கு எல்லாம் யார் கைக்குப் போயின?

கடைமடை:
நிலமும் தண்ணீரும் பெருமளவு ராஜா கைக்குப் போய்விட்டன. லார்சா நிலங்களைக் கவனித்த ஷமாஷ்-ஹாசிர் என்ற அதிகாரிக்கு ஹம்முராபி எழுதிய கடிதங்கள் நிறையவே கிடைத்திருக்கின்றன. இன்னார் வந்து, தன் பரம்பரை வயலை வேறொருவன் எடுத்துக்கொண்டான் என்று முறையிடுகிறார், விசாரித்து முடி என்கிற அளவுக்கு, தனித்தனி வயல் தகராறிலும் ராஜாவே தலையிடுகிறார். அப்புறம் சின்-இத்தினம் என்ற இன்னொரு அதிகாரிக்கு, வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லிக் கடிதம். யூப்ரடீஸ் ஆற்றில் பாபிலோன் மேலே இருக்கிறது, லார்சாவும் உர் நகரமும் கீழே. மேலே மறித்தால் கீழே பயிர் கருகும், அதனால் வாய்க்கால் யார் பொறுப்பில் என்பது அங்கே சாதாரண விஷயமே இல்லை.

ஒற்றையடி:
வழக்கு விஷயத்தில் நகரம் அப்படியே நின்றது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் சபை இருந்தது, வணிகர்களுக்குத் துறைமுகத்தில் தனிச் சபை இருந்தது. ஹம்முராபி சட்டத்தின் 23, 24-ஆம் பிரிவுகளைப் பாருங்கள்: கொள்ளைக்காரன் பிடிபடாவிட்டால், பறிகொடுத்தவர் கடவுள் முன்னால் கணக்குச் சொல்ல வேண்டும், எந்த நகரத்து எல்லையில் நடந்ததோ அந்த நகரமும் அதன் தலைவரும் நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும். உயிர் போயிருந்தால் ஒரு மினா வெள்ளி, கிட்டத்தட்ட அரை கிலோ. பொறுப்பு நகரத்துடையது, பாபிலோனுடையது இல்லை.

உர் நகரத்தில் தோண்டிய வீடுகளில் முற்றத்தைச் சுற்றி அறைகள், தரைக்கு அடியில் குடும்பத்தாரின் கல்லறை. தாத்தா புதைந்த தரையில் குடியிருப்பவரிடம் நீ இனி பாபிலோன்காரன் என்றால் அவர் ஏற்றிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பழையசுவர்:
நண்பரே, எல்லா நகரமும் அப்படி நிற்கவில்லையே. மாரியின் ராஜா சிம்ரி-லிம் ஹம்முராபியோடு கூட்டணியில் இருந்தவர்தான், கடைசியில் அந்த அரண்மனை எரிக்கப்பட்டது, மாரி பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. தெற்கிலும் ஹம்முராபியின் மகன் சம்சு-இலுனா காலத்தில் லார்சா பக்கம் கலகம் வெடித்தது. அவர் அதை அடக்கி, உர், உருக் மதில்களை இடித்தார். பிறகு தெற்கு நகரங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒற்றையடி சொல்வதற்கு நல்ல சான்றும் இங்கேதான் இருக்கிறது: உருக் கோயில் பூசாரிக் குடும்பங்கள் வடக்கே கிஷ் நகரத்துக்குப் போய், தங்கள் நகரத்துத் தெய்வத்தின் வழிபாட்டை அங்கே தொடர்ந்து நடத்தின.