ஃபிளைட்கியர் லாஞ்சர் திறக்கவில்லை, பதிப்பு பொருந்தவில்லை என்கிறது – உதவி தேவை

கேள்வி

நண்பர்களே, பள்ளிக் கணினி ஒன்றில் (உபுண்டு 22.04) ஃபிளைட்கியர் விமான சிமுலேட்டரை ஆப்ட் (உபுண்டுவின் மென்பொருள் நிறுவும் கருவி) மூலம் நிறுவியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இறக்கை எப்படி விமானத்தைத் தூக்குகிறது, மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் ஏன் சட்டென்று கீழே இறங்குகிறது என்பதையெல்லாம் கண்ணால் காட்ட வேண்டும். பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினால் அவர்கள் மனதில் நிற்பதில்லை.

டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தில், விமானத்தின் பெயர், நிலையத்தின் குறியீடு என்று நீளமாக அடித்துத் தொடங்குவது பிள்ளைகளுக்குச் சரிப்படாது. மவுஸால் தேர்ந்தெடுக்கும் லாஞ்சர் வேண்டும். ஒரு பழைய வழிகாட்டியில் எஃப்ஜிரன் என்ற தனி லாஞ்சரை மூல நிரலிலிருந்து கட்டச் சொல்லியிருந்தார்கள். கட்டிப் பார்த்தேன், அதற்குத் தேவையான சிம்கியர் நூலகம் கிடைக்கவில்லை என்று சொல்லி பாதியில் நின்றுவிட்டது.

அப்புறம் டெர்மினலில் ஃபிளைட்கியரையே திறந்தால், 2018.3 பதிப்பின் தரவுக் கோப்புகள்தான் கிடைத்தன, 2020.3 தேவை என்று ஒரு பெட்டி வருகிறது. சரி என்று அழுத்தினால் மூடிக்கொள்கிறது. நான் 2018.3 எதையும் நிறுவவில்லை. கணினியை எனக்கு முன்பு வேறொருவர் பயன்படுத்தியிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1

முதலில் எஃப்ஜிரனை விட்டுவிடுங்கள். லாஞ்சர் தனி நிரலாக இருந்த காலத்தில் அது தேவைப்பட்டது. இப்போது ஃபிளைட்கியருக்குள்ளேயே க்யூட்டி நூலகத்தில் எழுதிய லாஞ்சர் இருக்கிறது. டெர்மினலில் எஃப்ஜிஎஃப்எஸ் என்று சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபனும் லாஞ்சர் என்ற சொல்லும் சேர்த்து அடித்தால் அது திறக்க வேண்டும்.

உங்கள் பிழைச் செய்தி லாஞ்சரைப் பற்றியதே இல்லை. ஃபிளைட்கியரில் நிரல் ஒரு பகுதி, தரவு ஒரு பகுதி. விமான மாதிரிகள், கருவிப் பலகைகள், ஒலி எல்லாம் தரவுக் கோப்புறையில் இருக்கும். அந்தக் கோப்புறையில் உள்ள பதிப்பு எண்ணை நிரல் தன் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் முன்னே போகாது. வேறு பதிப்பின் கோப்புகளோடு ஓடினால் பறக்கும்போது எங்கே உடையும் என்றே தெரியாது, அதனால் இந்தக் கண்டிப்பு நல்லதுதான்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். டெர்மினலை விட்டுவிட்டு, செயலிகள் பட்டியலில் உள்ள ஃபிளைட்கியர் ஐகானை அழுத்தினால் என்ன ஆகிறது?

பதில் 2

முகப்புக் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் எஃப்ஜிஎஃப்எஸ் கோப்புறையை அப்படியே அழித்துவிட்டுத் திரும்பத் திறங்கள். எனக்கு எப்போதும் அதுதான் கை கொடுக்கும்.

பதில் 1

வேண்டாம், இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். லாஞ்சர் வழியாக இறக்கும் விமானங்களும் நிலக்காட்சியும் லினக்ஸில் இயல்பாக அந்தக் கோப்புறைக்குள்தான் சேரும். பள்ளி இணைப்பில் அதையெல்லாம் மறுபடி இறக்குவது பெரும் பாடு. அதோடு, முதன்மைத் தரவு அங்கே இல்லை. ஆப்ட் அதை யுஎஸ்ஆர், ஷேர், கேம்ஸ், ஃபிளைட்கியர் என்ற அடுக்கில் வைக்கிறது. ஆகவே அழித்தாலும் இந்தப் பிழை போகாது.

கேட்டவர்

ஆச்சரியமாக இருக்கிறது, ஐகானை அழுத்தினால் லாஞ்சர் திறக்கிறது! டெர்மினலில் மட்டும்தான் அதே பிழை.

பதில் 1

அப்படியென்றால் காரணம் ஏறக்குறைய பிடிபட்டுவிட்டது. டெர்மினலுக்கு மட்டும் யாரோ பழைய தரவின் முகவரியைச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஃபிளைட்கியர் தரவைத் தேடும்போது எஃப்ஜி, அடிக்கோடு, ரூட் என்ற சூழல் மாறியில் (நிரல்கள் படிக்கும்படி கணினியில் பெயரிட்டு வைக்கும் மதிப்பு) ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், ஆப்ட் வைத்த இடத்துக்குப் போகாமல் அதையே எடுத்துக்கொள்ளும்.

டெர்மினலில் எக்கோ என்று அடித்து, இடைவெளி, டாலர் குறி, அதை ஒட்டி அந்த மாறியின் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடியுங்கள். ஒரு பாதை வந்தால் அதுதான் ஆள். கோப்பு மேலாளரில் முகப்புக் கோப்புறையைத் திறந்து, கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்த கோப்புகள் தெரியும். புள்ளி, பாஷ்ஆர்சி என்ற கோப்பின் கடைசியில் எக்ஸ்போர்ட் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டுச் சேமித்து, டெர்மினலை மூடித் திறங்கள். ஐகான் வழியாகத் திறக்கும்போது அந்தக் கோப்பின் வரிகள் படிக்கப்படுவதில்லை. அதனால்தான் அங்கே சிக்கல் வரவில்லை.

கேட்டவர்

சொன்ன இடத்திலேயே அந்த வரி இருந்தது. டவுன்லோட்ஸில் கிடந்த ஒரு பழைய கோப்புறையைக் காட்டியது. ஹேஷ் போட்டதும் டெர்மினலிலும் திறக்கிறது. மிக்க நன்றி நண்பரே.

லாஞ்சரில் செஸ்னா 172 தேர்வாகியிருக்கிறது. இடம் பக்கத்தில் மதுரை என்று தேடி விஓஎம்டி (மதுரை விமான நிலையத்தின் குறியீடு) நிலையத்தைத் தேர்ந்தெடுத்து ஃபிளை பொத்தானை அழுத்தினேன். நாலாபுறமும் கடல்! மதுரையில் கடல் பார்த்துப் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

பதில் 1

நிறுவும்போது உலகம் முழுக்க நிலக்காட்சி வராது சார். இல்லாத இடத்தையெல்லாம் நிரல் தண்ணீராகக் காட்டும். லாஞ்சரின் அமைப்புகள் பக்கத்தில் நிலக்காட்சியைத் தானாக இறக்கும் தேர்வு இருக்கிறது, அதை இயக்குங்கள். டெர்ராசிங்க் என்பது அதுதான். விமானம் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள துண்டுகளை மட்டும் இறக்கும்.

இறங்குகிறதா என்று பார்க்க, டெர்ராசிங்க் கோப்புறைக்குள் டெரெய்ன் கோப்புறையைத் திறங்கள். அங்கே பெயர்கள் அட்சரேகை, தீர்க்கரேகைப்படி இருக்கும் (இ என்றால் கிழக்கு, என் என்றால் வடக்கு). மதுரை நிலையம் 10 பாகை வடக்குக்குக் கொஞ்சம் கீழே, 78 பாகை கிழக்குக்குச் சற்றே தாண்டி இருக்கிறது. ஆகவே இ070என்00 கோப்புறைக்குள் இ078என்09 இருக்க வேண்டும். என்10-இல் தேடி ஏமாறாதீர்கள், திருச்சிதான் அங்கே வரும்.

பள்ளியில் இணையம் மெதுவாக இருக்கும் என்றால், வகுப்புக்கு முந்தைய நாளே வீட்டு இணைப்பில் ஒரு முறை மதுரையைச் சுற்றிப் பறந்துவிடுங்கள். இறங்கிய துண்டுகள் வட்டிலேயே இருக்கும்.

பதில் 3

ஒரு சிறு சேர்க்கை. பதிப்பு மாற்றியபின் முதல் முறை திறக்கும்போது வழிசெலுத்தல் தரவைத் திரும்பத் தொகுக்கும். சில நிமிடங்கள் ஆகலாம். நின்றுவிட்டது என்று நினைத்து நடுவில் மூட வேண்டாம்.

கேட்டவர்

டெர்ராசிங்க் இயக்கினேன், சிறிது நேரத்தில் ஓடுபாதையைச் சுற்றி நிலம் வந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளை உட்காரும்போதும் இதையெல்லாம் திரும்பத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

பதில் 1

வேண்டாம் சார். விமானம், ஓடுபாதை, நேரம், வானிலை எல்லாம் வைத்தபின் லாஞ்சரின் மெனுவில் அமைப்பைச் சேமிக்கும் தேர்வு உண்டு. "தெளிந்த வானம், 09 ஓடுபாதை" என்று ஒன்று, பக்கக்காற்றோடு ஒன்று, இரண்டைச் சேமித்து வையுங்கள். பிள்ளை அதைத் திறந்து ஃபிளை அழுத்தினால் போதும். காற்றில்லாத அமைப்பை முதலில் கொடுங்கள். மூக்கைத் தூக்கும்போது வேகமானி முள் கீழே இறங்குவதை அதில்தான் தெளிவாகக் கவனிக்க முடியும்.