சிறிய மலை ஏரி, மண் அணை: அடிவாரக் கசிவு ஆபத்தா?

மலைவாசி: படகு விட மட்டும் பயன்படும் ஏரி. அணையின் வெளிச்சரிவு அடியில், மதகுக் குழாய் ஓரமாக நீர் கசிகிறது. சிமென்ட் வைத்து அடைக்கலாமா?

கரைக்காவல்: அடைக்கவே கூடாது. வழியை மூடினால் உள்ளே நீரழுத்தம் ஏறி வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். முதலில் கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் பாருங்கள். அடியில் மண் படிந்தால் அணை உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது. கசியும் இடத்தில் மணல், அதன்மேல் சரளை, அதற்கும் மேல் கல் பரப்பினால் நீர் போகும், மண் தங்கும். இது முதலுதவிதான். பொறியாளரை உடனே அழையுங்கள்.

மதகடி: குழாய் ஓரம் என்றாலே எனக்குக் கவலை. அமெரிக்காவின் கொலராடோவில் 1903-ல் கட்டிய லான் லேக் அணை வெறும் 26 அடி உயரம். குழாயும் வால்வும் சேரும் இடத்தில் ஈய அடைப்பு கெட்டு, கசிந்த நீர் மண்ணை அரித்து, 1982 ஜூலை 15-ல் உடைந்தது. மூவர் இறந்தனர். சின்ன ஏரிதானே என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கரைக்காவல்: நீர்மட்டத்தைக் குறைக்கலாம், ஆனால் மெதுவாக. சட்டென இறக்கினால் ஊறிய உட்சரிவு சரியும்.

மலைவாசி: கசிவின் அளவு எப்படி எடுப்பது?

மதகடி: 90 பாகை வி-வெட்டுத் தகடு, அதாவது V வடிவ வெட்டுள்ள தகடு; கசிவு நீர் ஓடும் வழியில் குறுக்கே நிறுத்துங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் 5 செ.மீ. நீர் நின்றால் நொடிக்குச் சுமார் 0.8 லிட்டர். ஏரி மட்டத்தையும் மழையையும் கூடவே குறியுங்கள். ஏரி மட்டம் மாறாமல், மழையும் இல்லாமல் கசிவு கூடினால் அன்றே படகை நிறுத்தி, கீழே இருப்பவர்களுக்குத் தகவல் கொடுங்கள்.