செப்டம்பர் தொடக்கத்தில் ஸ்வீடன் லாப்லாந்தில் கூடாரப் பயணம்: திட்டத்தைச் சரிபார்க்க உதவி வேண்டும்

கேள்வி (மலைப்பாதை)

அனைவருக்கும் வணக்கம். நான் மியூனிக் நகரில் வசிக்கிறேன். செப்டம்பர் 5 முதல் 14 வரை நானும் நண்பர் ஒருவரும் ஸ்வீடனின் வடகோடியில் கூடாரம் அடித்துத் தங்கி நடக்க விரும்புகிறோம். ஆல்ப்ஸ் மலையில் பல முறை நடந்திருந்தாலும், அங்கே திறந்தவெளியில் கூடாரம் போடப் பெரும்பாலான இடங்களில் தடை இருப்பதால், எப்போதும் குடில்களில்தான் தங்கியிருக்கிறோம். ஸ்வீடனில் யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் தங்கலாம் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? சாரெக் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்பது நண்பரின் எண்ணம். குறியிட்ட நெடும் நடைபாதையான குங்ஸ்லேடன் போதும் என்பது என் எண்ணம். எங்களிடம் உள்ள உறக்கப்பைகள் 2 டிகிரி வரை தாங்கும். சமையலை விறகுத் தீயிலேயே முடித்துவிட்டால் அடுப்பின் சுமை குறையும் என்றும் நினைக்கிறோம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (பிர்ச் நிழல்)

வணக்கம் நண்பரே. நல்ல காலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். குள்ள பிர்ச் செடிகள் செந்நிறமாகவும் மலை பிர்ச் மரங்கள் மஞ்சளாகவும் மாறும் நாட்கள் அவை. கொசுத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். இரவு மீண்டும் இருட்டத் தொடங்குவதால், வானம் தெளிந்திருந்தால் துருவ ஒளியும் தென்படலாம்.

உரிமையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அல்லேமான்ஸ்ரெத்தன் எனப்படும் பொது அணுகல் உரிமை 1994 முதல் ஸ்வீடனின் அரசியலமைப்பிலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. ஆனால் அது எவருக்கும் இடையூறு செய்யாமலும் எதையும் சேதப்படுத்தாமலும் இருக்க வேண்டும் என்ற கடமையோடு சேர்ந்த உரிமை. வீடுகளுக்கு அருகிலும் விளைநிலங்களிலும் கூடாரம் போடக் கூடாது; ஓரிடத்தில் ஓரிரு இரவுகளுக்கு மேல் தங்குவதும் வழக்கமில்லை. நார்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டர் தொலைவு என்று அளவே குறித்திருக்கிறது. டென்மார்க்கில் இப்படிப்பட்ட பொது உரிமை கிடையாது. ஆகவே ஸ்காண்டிநேவியா முழுவதற்கும் ஒரே விதி என்று எண்ணிவிட வேண்டாம்.

தேசியப் பூங்காக்களுக்குத் தனி விதிகள் உண்டு. பலர் தவறுவது இங்கேதான். குங்ஸ்லேடன் பாதையின் வடமுனை அபிஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே கூடாரம் போடலாம். முதல் நாள் தாமதமாக இறங்கி, ஆற்றோரம் அழகாக இருக்கிறதே என்று கண்ட இடத்தில் தங்கிவிடாதீர்கள்.

பாதையைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம். அபிஸ்கோவில் தொடங்கி அலெஸ்யாவ்ரே, செக்த்யா கணவாய், செல்கா, சிங்கி, கெப்னெகைசெ வழியாக நிக்கலுவோக்தா வரை சுமார் 105 கி.மீ. ஸ்டாக்ஹோமிலிருந்து புறப்படும் இரவு ரயில் அபிஸ்கோவிலேயே நிற்கும். சாரெக்கில் குடில்கள் இல்லை, குறியிட்ட பாதைகள் இல்லை, பாலங்களும் மிகக் குறைவு. ஆறுகளை இறங்கித்தான் கடக்க வேண்டும். வடக்கின் முதல் பயணத்துக்கு அது ஏற்றதல்ல.

பதில் 2 (வடகாற்று)

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் குளிரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. உங்கள் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது அதுதான்.

இரண்டு டிகிரி உறக்கப்பை போதாது. இதே பருவத்தில் நான் அலெஸ்யாவ்ரே ஏரிக்கு மேலே தங்கியிருந்தபோது, மாலையில் பெய்த மழை விடியலுக்குள் பனியாகிவிட்டது. கூடாரத்தின் உட்புறத்தில் படிந்த ஈரம் சொட்டி உறக்கப்பையின் கால்பகுதி நனைந்துபோக, மறுநாள் இரவு முழுவதும் நடுங்கியே கழித்தேன். நான் செய்த தவறு, காற்று உள்ளே வருமே என்று அஞ்சிக் கூடாரத்தின் காற்றுத் திறப்புகளை அடைத்ததுதான். மைனஸ் 5 டிகிரியில் வசதியாக உறங்கக்கூடிய பையை வாடகைக்காவது எடுங்கள்; தரையிலிருந்து ஏறும் குளிரைத் தடுக்கும் தடித்த விரிப்பும் அதே அளவு முக்கியம். உறங்கும்போது மட்டும் அணிய ஒரு செட் கம்பளி உள்ளாடையை நீர் புகாத பையில் தனியாக வையுங்கள். எவ்வளவு நனைந்தாலும் பகலில் அதைத் தொடாதீர்கள்.

விறகுத் தீ எண்ணத்தைக் கைவிடுங்கள். பாதையின் பெரும்பகுதி மரவரம்புக்கு, அதாவது மரங்கள் வளரக்கூடிய உயர எல்லைக்கு, மேலே இருப்பதால் எரிக்க ஒன்றும் கிடைக்காது. உயிருள்ள மரத்தின் கிளையை ஒடிப்பதும் பட்டையை உரிப்பதும் சட்டப்படி குற்றம். வெறும் பாறையின் மேல் தீ மூட்டினால் சூட்டில் பாறை வெடித்து, அந்த வடு நிரந்தரமாக நின்றுவிடும். எரிவாயு அடுப்பே நல்லது. வாயுக் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, அபிஸ்கோவில் வாங்கிக்கொள்ளலாம். தனி பியூட்டேன் உறைநிலையை நெருங்கும்போது ஆவியாகாது என்பதால் ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலவையாகப் பார்த்து வாங்குங்கள். விடியலில் சமைப்பதற்கு அரை மணி நேரம் முன்பு குப்பியை உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் சுடர் சீராக எரியும்.

பத்து நாளில் ஏழு நாள் நடை என்று வைத்து, மிச்ச நாட்களை வழியில் எங்கும் முன்கூட்டியே ஒதுக்காமல் கையிலேயே வைத்திருங்கள். 1,150 மீட்டர் உயரத்திலுள்ள செக்த்யா கணவாயில் மூடுபனியும் எதிர்காற்றும் இருந்தால், இந்தப் பக்கமே ஒரு நாள் காத்திருப்பதுதான் சரி. செப்டம்பர் 10ஐ ஒட்டி அங்கே பகல் ஏறத்தாழ 14 மணி நேரம். நாளுக்கு ஏழெட்டு நிமிடங்கள் குறைந்துகொண்டே போகும்.

பதில் 3 (ஏரிக்கரை)

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நீங்கள் நடக்கப்போவது இந்த வடபகுதியின் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்கள் தலைமுறை தலைமுறையாக ரெயின்டீர் எனப்படும் பனிப்பிரதேச மான்களை மேய்க்கும் நிலம். அங்கே காணும் ஒவ்வொரு ரெயின்டீருக்கும் உரிமையாளர் உண்டு. செப்டம்பர், மந்தைகளைத் திரட்டிப் பிரிக்கும் காலம். மந்தை ஓட்டிவரப்படுவதைக் கண்டால், புகைப்படத்துக்காக நெருங்காமல், அது கடந்து போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருங்கள். நீங்கள் எழுந்து நடந்தால் மந்தை சிதறிவிடும். அவர்களுடைய ஒரு நாள் உழைப்பே வீணாகும். வடக்கில் மூஸ் மான் வேட்டை தொடங்குவதும் இதே சமயத்தில்தான். நிக்கலுவோக்தாவை ஒட்டிய பிர்ச் காட்டுக்குள் நடக்கும்போது பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணியுங்கள். பாதையின் பெரும்பகுதியில் கைபேசி எடுக்காது. செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுப்பது நல்லது.

கேள்வி கேட்டவர் (மலைப்பாதை)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நண்பரிடம் பதில்களைப் படித்துக் காட்டினேன். சாரெக்கை இந்த முறை விட்டுவிட அவரும் ஒப்புக்கொண்டார். உறக்கப்பைகளை வாடகைக்கு எடுக்கிறோம். முதல் இரவை அபிஸ்கோ ரயில் நிலையத்தின் அருகிலேயே கழித்துவிட்டு, மறுநாள் காலையில் எரிவாயு வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினால், அன்றைக்கே 15 கி.மீ. தொலைவிலுள்ள அபிஸ்கோயாவ்ரேயின் அனுமதிக்கப்பட்ட இடத்தை வெளிச்சத்திலேயே அடைந்துவிடலாம் என்று கணக்கிட்டிருக்கிறோம். இரண்டு நாட்களை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருக்கிறோம்.