மறு: டர்ன்ஓவருக்குத் தமிழ்ச் சொல் – 'சுழற்சி' போதுமா?

வணக்கம் ஐயா. குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> செல் டர்ன்ஓவர், புரோட்டீன் டர்ன்ஓவர் இரண்டுக்கும் 'சுழற்சி' என்றே எழுதலாமே. புதுச்சொல் எதற்கு?

உடலில் பழைய செல்லோ புரதமோ கழிந்து, அதனிடத்தில் புதியது வருவதைத்தான் டர்ன்ஓவர் என்கிறோம். இரத்தத்தைப் பொறுத்தவரை 'சுழற்சி'க்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது, ஐயா. ஒரு சிவப்பணுவின் (ஈழத்து நண்பர்களுக்குச் செங்குழியம்) முடிவைப் பாருங்கள். ஏறத்தாழ 120 நாள் ஓடிய பிறகு அதன் சவ்வு விறைத்துப்போகிறது. மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் நெளிந்து நுழைய முடியாமல் சிக்குகிறது. அங்கும் கல்லீரலிலும் உள்ள விழுங்குசெல்கள் அதைத் தின்றுவிடுகின்றன. உள்ளிருந்த ஹீமோகுளோபினின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வழியில் போகிறது. குளோபின் புரதம் அமினோ அமிலங்களாக உடைகிறது. இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஹீம் வளையம் அறுபட்டு, பிலிவெர்டின் என்ற பச்சை நிறமியாகி, பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியாகி, பித்தநீரோடு குடலுக்குப் போய்ச் சேர்கிறது. மலத்தின் பழுப்பு நிறம் அதிலிருந்து வருவதுதான். இரும்பு மட்டும் அதைச் சுமந்துசெல்லும் இரத்தப் புரதமான டிரான்ஸ்ஃபெரினைப் பற்றிக்கொண்டு எலும்பு மஜ்ஜைக்குத் திரும்பி, புதிய சிவப்பணுவுக்குள் குடியேறுகிறது.

மஜ்ஜைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவிலிருந்து குடல் ஈர்த்துத் தருவதோ 1 அல்லது 2 மில்லிகிராம். மற்றதெல்லாம் மடிந்த அணுக்களிலிருந்து மீட்டது. சுழற்சி என்ற பெயருக்கு முழு உரிமை உடையது இந்த இரும்புதான். 'இரும்புச் சுழற்சி' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் திரும்பியே வராத அணுவுக்கும் சுழற்சி என்று எழுதினால், படிக்கிற மாணவர் என்ன புரிந்துகொள்வார்?

> 'புதுப்பிப்பு' எப்படி?

வீட்டைப் புதுப்பிக்கிறோம், உரிமத்தைப் புதுப்பிக்கிறோம். பழையது இருந்தால்தான் புதுப்பிக்கலாம். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, புரதம் ஆக்கும் ரைபோசோமும் இல்லை. பழுதான புரதத்துக்கு ஈடாக இன்னொன்றைச் செய்துகொள்ள அதனால் இயலாது. வணிகத்தில் வழங்கும் 'விற்றுமுதல்' இந்த இடத்துக்குப் பொருந்தவே பொருந்தாது.

என் பரிந்துரை: கழிபுகு மாற்றம். பாடநூல்களில் நிலைத்துவிட்ட 'வளர்சிதை மாற்றம்' (மெட்டபாலிசம்) என்பதன் வார்ப்பில் அமைந்தது. பழையன கழிதலும் புதியன புகுதலும் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த தொடர். ஆகவே முதன்முறை கேட்பவருக்கும் பொருள் பிடிபடும். அடைமொழிகளும் தடையின்றி ஒட்டுகின்றன: கழிபுகு வீதம், கழிபுகு காலம், புரதக் கழிபுகு மாற்றம். ஒரு கலைச்சொல்லை நான் முதலில் இப்படித்தான் சோதிப்பேன். தனித்து நிற்கும்போது அழகாக இருந்து, கூட்டுச்சொல்லில் முடங்கிப்போகும் சொற்களை நிறையப் பார்த்துவிட்டோம்.

> அணுவும் புரதமும் ஒரே விதமாகவா கழிகின்றன?

நல்ல கேள்வி. இரண்டுக்கும் பொதுச்சொல் ஒன்று போதும். அளவைச் சொற்கள்தான் வேறாக இருக்க வேண்டும். 1945இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஷெமின், நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் சற்றே கனமான வகை; அடையாளமாகப் பயன்படுவது) கலந்த கிளைசீன் என்ற அமினோ அமிலம் 66 கிராமை மூன்று நாட்களில் தாமே உண்டு, தம் இரத்தத்தைத் தொடர்ந்து சோதித்தார். ஹீமில் அந்த நைட்ரஜன் ஏறியது, வாரக்கணக்கில் ஏறக்குறைய அப்படியே நின்றது, பிறகுதான் இறங்கியது. ஹீம் நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தால் ஏறிய கையோடு சரியத் தொடங்கியிருக்கும். அணு வயதாகித்தான் மடிகிறது, அதுவரை தன் ஹீமை விடுவதில்லை என்பது அதில் தெரிந்தது. அணுவின் சராசரி ஆயுள் 127 நாள் என்று கணக்கிட்டார். ஆகவே சிவப்பணுவுக்கு 'ஆயுள்' சரியான சொல்.

இரத்தநீரில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் அப்படிக் கழிவதில்லை. நேற்றுக் கல்லீரலில் பிறந்த மூலக்கூறும் மூன்று வாரம் பழையதும் இன்று சிதைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றே. அதற்கு 'அரைவாழ்வு'தான் (இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம்) பொருந்தும். அது மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவு. 'ஆல்புமினின் ஆயுள் 20 நாள்' என்று எழுதுவதை நாம் தயவுசெய்து நிறுத்திவிட வேண்டும்.

நோயாளிகளுக்கான கையேடுகளிலும் இந்த வேறுபாடு தேவைப்படுகிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை என்று மக்கள் சொல்லும் எச்பிஏ1சி, ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது; சிவப்பணுவின் ஆயுளை நம்பி நிற்கும் கணக்கு. அணுக்கள் சீக்கிரம் உடைந்துபோகும் இரத்தசோகை உள்ளவருக்குச் சர்க்கரை ஒட்டிக்கொள்ள நாள் போதாது. உண்மை நிலையைவிட எண் குறைவாக வந்து ஏமாற்றும். 'உங்கள் சிவப்பணுக்களின் கழிபுகு வீதம் கூடியிருப்பதால் இந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்' என்று கையேட்டில் ஒரே வரியில் எழுதிவிடலாம். 'சுழற்சி வீதம்' என்று போட்டால் இரத்த ஓட்டத்தின் வேகம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து 'பூல்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும். வளர்ந்த ஒருவர் உடலில் நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம் புரதம் சிதைந்து, கிட்டத்தட்ட அதே அளவு ஆக்கப்படுகிறது. உண்பதோ 60, 70 கிராம் அளவுதான். இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் அமினோ அமிலத் தொகுதிக்கு 'இருப்பு' என்று வைத்திருக்கிறேன். 'குளம்' என்று நேராக மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கையேட்டின் மூன்றாம் பகுதி இந்தச் சொல்லுக்காகவே காத்திருக்கிறது. ஈழத்து நண்பர்கள் தங்கள் பாடநூல் வழக்கையும் சேர்த்துச் சொன்னால் இரண்டையும் அருகருகே பதிந்துவிடலாம்.