பொட்டலத்தின் நூல்

தலித் நூல் ஒன்றை முதன்முதலாகப் படித்த அனுபவத்தை நண்பர்கள் பகிர்ந்துவருவதால் என்னுடையதையும் எழுதுகிறேன். பாமாவின் தன்வரலாற்று நூலான ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. நான் நான்கைந்து ஆண்டுகள் கழித்தே படித்தேன். தமிழாசிரியராக இருந்த எனக்கு நூல் முழுவதும் பேச்சு வழக்கில் இருந்தது உறுத்தியது. மாணவர் கட்டுரையாக இருந்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். (2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகுதான், கொச்சை என்று ஒதுக்கிய சக ஆசிரியர்கள் சிலர் தமிழ் நூலைத் தேடினார்கள்.) கண்ணால் படிக்கையில் இடறிய நடை வாய்விட்டுப் படித்தபோது தங்குதடையின்றி ஓடியதால், எழுத்தறியாத என் அம்மாவுக்கு மதிய வேளைகளில் படித்துக் காட்டத் தொடங்கினேன்.

தலைப்பை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பனைமட்டையின் ரம்பம் போன்ற ஓரமான கருக்கு கிழித்த தழும்பு அவர் கையிலேயே இருந்தது.

தொடக்கத்தில் ஒரு காட்சி வருகிறது. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய் நிலக்காரரிடம் குனிந்து நீட்டுகிறார். பார்த்த சிறுமி பாமாவுக்குச் சிரிப்பு வருகிறது. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று பிறகு அண்ணன் சொல்கிறார். அந்தச் சிரிப்போடு சேர்ந்து நானும் சிரித்தபடி படித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“எங்கய்யா வீட்டுக்கும் அப்பிடித்தானப்பா வரும்,” என்றார்.

வயல்வேலைக்கு இருந்தவர் கடைத்தெருவிலிருந்து பொட்டலத்தை அவ்வாறே கொண்டுவந்து திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு விலகி நிற்பாராம்; சிறுமியான அம்மா ஓடிப்போய் எடுத்து வருவாராம். பலகாரம் சூடாக இருப்பதால் அவர் நூலைப் பிடிக்கிறார் என்றே அத்தனை காலமும் எண்ணியிருந்ததாகச் சொன்னார். அதை நான் முழுதாக நம்பவில்லை. அப்படி எண்ணிக்கொள்வது அவருக்கு வசதியாக இருந்திருக்கும். அதுவரை நூலை வேறெவருடைய ஊர்க்கதையாகவோ படித்துவந்த எனக்கும் அதே வசதி இருந்தது. பூமணியின் ‘பிறகு’ நாவலை முன்பே படித்திருந்தேன். அதில் வரும் செருப்புத் தைக்கும் அழகிரியை ஒரு பாத்திரமாக எண்ணித் தள்ளி நிறுத்த முடிந்தது. இந்தப் பொட்டலமோ எங்கள் திண்ணைக்கே வந்துவிட்டது.

அன்று மாலை வரை அம்மா அந்த மனிதரின் பெயரை யோசித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து உழவு மாடுகள் இரண்டின் பெயர்களும் நினைவுக்கு வந்தன; அவர் பெயர் வரவில்லை. மறுநாள் சாப்பாடு முடிந்ததும், “அந்தப் புஸ்தகத்த எடு, மிச்சத்தப் படி,” என்றார்.