சாவி புரோகிராம் பண்ண அஞ்சு நிமிஷமாம்!

ஸ்டெப்னி:
போன வாரம் பேட்டரி பற்றிய பேச்சில் அரைக்கிளட்ச் அண்ணன் போகிற போக்கில் ஒரு வரி எழுதினார். "கார் சாவியை புரோகிராம் பண்ண அஞ்சு நிமிஷம். அதற்குப் பன்னிரண்டாயிரம் அழுகிறவன் ஏமாளி." அந்த ஏமாளி நான்தான். செகண்ட்ஸில் வாங்கிய வண்டி, விற்றவர் ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார். அதையும் திருச்செந்தூரில் கடல் கொண்டுபோய்விட்டது. பேண்ட் பாக்கெட்டில் ஜிப் இல்லை, என் தப்புதான். தூத்துக்குடிக்கு 40 கிலோமீட்டர் வண்டியைத் தூக்கி வந்து, ஆர்.சி., ஆதார் எல்லாம் காட்டி, புதுச் சாவி வந்து சேர ஒன்பது நாள். பில் 12,400 ரூபாய். ஒன்பது நாள் பஸ்ஸில் தொங்கியவனிடம் அஞ்சு நிமிஷம் என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

அரைக்கிளட்ச்:
தம்பி, சாவியோடு கடலுக்குள் இறங்கியது நீங்கள். என்மேல் ஏன் கோபம்? நான் சொன்னது புரோகிராம் பண்ணுகிற நேரம். மதுரையில் என் கண்ணால் பார்த்தேன். சாவி வெட்டும் கடைப் பையன் ஸ்டியரிங்குக்குக் கீழே டேப்லெட் மாதிரி ஒன்றைச் சொருகினான். நான் டீ சொன்னேன். டீ வருவதற்குள் வண்டி ஸ்டார்ட். 3,500 ரூபாய். அஞ்சு நிமிஷம்.

டெஸ்ட்லாம்ப்:
இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஒயரிங்கில் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன், இந்த அஞ்சு நிமிஷத்தை மட்டும் இன்னும் பார்த்ததில்லை. சாவி என்று நீங்கள் சொல்வதில் மூன்று சமாச்சாரம் இருக்கிறது. வெட்டின இரும்பு ஒன்று, கதவைத் திறக்கிற ரிமோட் ஒன்று, நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக உள்ளே ஒரு சிப். இந்தச் சிப்புக்குப் பேட்டரியே கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி இருக்கும் காயில்தான் அதற்கு உயிர் கொடுக்கிறது. சிப் சொல்லும் பதில் சரியாக இருந்தால்தான் இம்மொபைலைசர், அதாவது வண்டிக்குள் இருக்கும் திருட்டுத் தடுப்பு, என்ஜினை ஓட விடும். அந்தச் சிப்பை வண்டிக்கு அடையாளம் காட்டிப் பதிவதுதான் புரோகிராம். அதனால்தான் ரிமோட் பேட்டரி செத்துப்போனாலும் சாவியைப் போட்டுத் திருகினால் வண்டி கிளம்புகிறது. வெறும் இரும்பை வெட்டிக்கொண்டு போனால் கதவு திறக்கும், அதோடு சரி.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் வண்டிக் கம்ப்யூட்டரின் பாதுகாப்புப் பூட்டைத் திறக்கவே பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் சில பழைய வண்டிகளில் பத்துப் பத்து நிமிஷமாக மூன்று தடவை, ஆக அரை மணி நேரம். சும்மா இக்னிஷனைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். திருடனுக்குப் பொறுமை இருக்காது என்றுதான் அப்படி வைத்தார்கள். உங்கள் அஞ்சு நிமிஷத்தை இதில் எங்கே வைப்பீர்கள்?

அரைக்கிளட்ச்:
என்னிடம் ஃபோர்டும் இல்லை, ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லேயும் இல்லை. ஷெவர்லேயை இங்கே விற்பதை 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். செத்துப்போன வண்டிகளைச் சாட்சிக்கு அழைத்து வராதீர்கள். டீ வருவதற்குள் முடிந்தது.

மறைமலைநகர் மைனர்:
ஃபோர்டு செத்த வண்டியா? 2021 செப்டம்பரில் அவர்கள் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தபோது எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை தெரியுமா? என் ஃபிகோ இன்னும் ஓடுகிறது. இன்னொன்று, ஃபோர்டின் சில மாடல்களில் பதிந்த சாவி இரண்டு கையில் இருந்தால் மூன்றாவதை நாமே பதிந்துகொள்ளலாம். கருவியும் வேண்டாம், கடையும் வேண்டாம். ஓனர்ஸ் மேனுவலிலேயே இருக்கிறது.

அரைக்கிளட்ச்:
பார்த்தீர்களா! ஃபோர்டுக்காரரே சொல்லிவிட்டார். அஞ்சு நிமிஷம்கூட வேண்டாம்.

டெஸ்ட்லாம்ப்:
இரண்டு சாவி இருந்தால் என்று சொன்னார். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஸ்டெப்னி தம்பியிடம் ஒரு சாவிகூட இல்லை. ஓடுகிற சாவி ஒன்று இருக்கும்போது அடுத்ததைச் சேர்ப்பது வேறு, எல்லாமே போனபின் முதல் சாவியைப் பதிவது வேறு. சில வண்டிகளில் மீட்டர் போர்டையே கழற்ற வேண்டும். உள்ளே எட்டுக் கால் வைத்த ஒரு மெமரி சிப், அதன்மேல் கிளிப்பைக் கவ்வவைத்து டேட்டாவைப் படித்து, ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டுதான் கையை வைக்க வேண்டும். போன மாதம் ஒரு வண்டியில் அந்தச் சிப்பின் ஒரு காலில் பாசி பிடித்திருந்தது. கிளிப் பிடிக்கவில்லை. பழைய டூத்பிரஷ்ஷில் ஐ.பி.ஏ. என்கிற ஆல்கஹாலைத் தொட்டுத் தேய்த்து, ஊதி, மறுபடி வைத்து, காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது பக்கத்து ஓட்டலில் சாப்பாடு தீர்ந்திருந்தது. கொஞ்சம் தவறினால் வண்டி கிளம்பவே கிளம்பாது, செங்கல்தான். இதற்குப் பெயர் அஞ்சு நிமிஷம்!

கணக்குப்பிள்ளை:
ஒரு சின்ன வேண்டுகோள். அஞ்சு நிமிஷம் என்றால் எதிலிருந்து எதுவரை? கருவியைச் சொருகியதிலிருந்தா, கடைக்குள் நுழைந்ததிலிருந்தா? சாவி வெட்டும் நேரம் சேர்த்தியா? அதை முடிவு செய்துவிட்டால் சண்டையே இல்லை.

அரைக்கிளட்ச்:
டீ சொன்னதிலிருந்து டீ வந்தது வரை. இதில் என்ன முடிவு செய்ய இருக்கிறது?

டெஸ்ட்லாம்ப்:
கணக்குப்பிள்ளை சார், நீங்கள் டயர் காற்றுப் பேச்சிலும் இப்படித்தான் நடுவில் வந்து அளவுகோல் நீட்டினீர்கள். தொழில் தெரிந்தவர்கள் பேசும்போது கொஞ்சம் பொறுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நல்லது. நான் எதுவும் கேட்கவில்லை.

கொங்குத் தேர்:
மதுரையில் 3,500-ஆ? எங்க கோயம்புத்தூரில் 2,800-க்கு முடித்துக் கொடுப்பார்களுங்க. அதுவும் வீட்டுக்கே வந்து.

அரைக்கிளட்ச்:
வந்துட்டாரய்யா. எதைப் பேசினாலும் கோயம்புத்தூரில் மலிவு.

ஸ்டெப்னி:
அண்ணன்களே, என் ஒன்பது நாள் எங்கே போனது? அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே. அப்புறம், கடலில் போன சாவி யார் கையிலாவது கிடைத்தால் வண்டியை எடுத்துவிட முடியுமா?

டெஸ்ட்லாம்ப்:
தம்பி, எல்லாச் சாவியும் தொலைந்த கணக்கில் பதிந்தால் பெரும்பாலும் பழையவற்றை அழித்துவிட்டுத்தான் பதிவார்கள். பழைய சாவி எவன் கையில் கிடைத்தாலும் வெட்டின இரும்பால் கதவு திறக்கும், என்ஜின் ஓடாது. அழித்தாயிற்றா என்று கேட்டு வாங்குங்கள். மதுரைப் பையன் அழித்தானா என்று அரைக்கிளட்சைக் கேளுங்கள்.

அரைக்கிளட்ச்:
எனக்கு ஏன் அழிக்க வேண்டும்? என் பழைய சாவி என் கையிலேயே இருந்ததே.

டெஸ்ட்லாம்ப்:
ஆஹா! இத்தனை நேரம் இதை ஏன் சொல்லவில்லை? ஓடுகிற சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்று சேர்த்ததைத்தான் இந்தப் போடு போட்டீர்களா?

அரைக்கிளட்ச்:
நீங்கள் கேட்கவில்லை. நேரம் மாறிவிட்டதா? மாறவில்லை. அஞ்சு நிமிஷம்.

பூட்டுசாமி:
ரோட்டோரத்தில் எவன் வேண்டுமானாலும் சாவி பதியலாம் என்றால் திருடனுக்கும் அதே வசதிதானே? மெகாமோஸ் என்ற சாவிச் சிப்பின் ஓட்டையைக் கண்டுபிடித்த ஆராய்ச்சியாளர்களை 2013-ல் வோக்ஸ்வாகன் லண்டன் நீதிமன்றத்துக்குப் போய்த் தடுத்தது. அந்தக் கட்டுரை 2015-ல்தான் வெளிவந்தது. கம்பெனிக்காரன் ஒன்பது நாள் எடுத்து, ஆர்.சி. பார்த்து, சாவி கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

மறைமலைநகர் மைனர்:
அமெரிக்காவில் இம்மொபைலைசரே வைக்காமல் விற்ற கியா, ஹூண்டாய் கார்களைப் பையன்கள் யு.எஸ்.பி. ஒயர் முனையை வைத்துத் திருகி ஓட்டிப்போனது 2022-ல் ஊரே சிரித்த கதை. ஃபோர்டில் அது நடக்குமா?

கொங்குத் தேர்:
இப்ப இது ஃபோர்டு விளம்பரமாகிப்போச்சுங்க.

மறைமலைநகர் மைனர்:
ஆமாம், விளம்பரம்தான். என்ன இப்போது?

டெஸ்ட்லாம்ப்:
பூட்டுசாமி சொல்வதில் எனக்கு ஒரு வருத்தம். ரோட்டோரம் என்றால் திருடனா? நானும் ஆர்.சி. பார்த்துத்தான் வேலையைத் தொடுகிறேன், நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். சரி, உருப்படியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். புது வண்டி வாங்கும்போது பல கம்பெனிகள் சாவிக்கொத்தோடு ஒரு சின்னத் தகட்டில் சாவி எண்ணைத் தருவார்கள். பாதிப் பேர் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அது இருந்தால் பூட்டைக் கழற்றாமலே இரும்பை வெட்டிவிடலாம். பீரோவில் வையுங்கள். செகண்ட்ஸில் வாங்கினால் இரண்டாவது சாவி எங்கே என்று கேளுங்கள், இல்லை என்றால் விலையில் குறையுங்கள்.

ஸ்டெப்னி:
இதை எனக்கு இரண்டு வருஷம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

அரைக்கிளட்ச்:
டெஸ்ட்லாம்ப் ஐயா ஹார்ன் ரிலே விஷயத்திலும் இப்படித்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். அதைக் கேட்டு எனக்கு மூன்று ஃப்யூஸ் போனது.

டெஸ்ட்லாம்ப்:
15 ஆம்பியர் ஃப்யூஸ் என்று எழுதினேன். நீங்கள் பத்தைப் போட்டீர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் என் போனில் இருக்கிறது. போடட்டுமா?

அரைக்கிளட்ச்:
போடுங்கள். மதுரைப் பையன் நம்பரை நான் போடுகிறேன், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அஞ்சு நிமிஷம்.

டெஸ்ட்லாம்ப்:
நம்பரெல்லாம் பொதுவில் போடாதீர்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த டீ எங்கிருந்து வந்தது? பக்கத்துக் கடையா, தெரு முனையா?

அரைக்கிளட்ச்:
தெரு முனை.

டெஸ்ட்லாம்ப்:
எத்தனை டீ சொன்னீர்கள்?

அரைக்கிளட்ச்:
நாலு. அதில் ஒன்று சர்க்கரை இல்லாமல்.

டெஸ்ட்லாம்ப்:
தெரு முனையிலிருந்து நாலு டீ, அதில் ஒன்று சர்க்கரை இல்லாமல், அஞ்சு நிமிஷத்தில் வந்ததா? மதுரையில்?

கொங்குத் தேர்:
எங்க ஊரில் வந்துருமுங்க.